உடற்கனலும் உண்ணும் உணவும்

மார்கழி மாதத்து விடியற்காலையில் பெரம்பலூரிலிருந்து அரியலூர் செல்லும் சாலையோரமாகச் சிறிது தொலைவு நடந்து பாருங்கள். பருத்திச் செடிகளின் இலைகளிலும், அறுத்துக் கிடத்திய வரகுத் தாள்களிலும் பனித்துளி படிந்திருக்கும். வயலோரத்துக் கருங்கல் ஒன்றைத் தொட்டால் கை சில்லென்று பின்வாங்கும். அக்கல்லுக்கு அருகே, முன்னிரவில் பிறந்த ஆட்டுக்குட்டி ஒன்று தாயை ஒட்டிக் கிடக்கும். அதன் வயிற்றின்மேல் கை வைத்தால் இதமான வெப்பம் தோன்றும். கல்லும் குட்டியும் ஒரே காற்றில், ஒரே பனியில் அவ்விரவைக் கழித்தவை. கல் குளிர்ந்துவிட்டது, குட்டி குளிரவில்லை. இதற்குக் காரணம் யாது?

“தாயின் கதகதப்பில் கிடந்தது, ஐயா” என்று உங்களுள் ஒருவர் விடை கூறலாம். அது பாதி விடையே. தாயின் உடலுக்கு அவ்வெப்பம் எங்கிருந்து வந்தது என்ற வினா அப்படியே நிற்கிறது. வெளியே பனி பெய்யினும் வெயில் காயினும் நம் உடல் ஏறக்குறைய 37 பாகை செல்சியசு வெப்பத்திலேயே நிலைத்திருக்கிறது. அப்படியாயின் உடலுக்குள் இடைவிடாது எரியும் அடுப்பு ஒன்று இருத்தல் வேண்டும். அந்த அடுப்பு எங்கே உள்ளது? அதற்கு விறகு எது? அது நன்கு எரிய நாம் உண்ணும் உணவு எவ்வாறு துணை செய்கிறது? இவற்றையே இன்று ஆராய்வோம்.

மூச்சு விடுதலும் ஒருவகை மெல்லிய எரிதலே என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு அறிஞர் இலவாய்சியர் காட்டினார். எரிதல் நிகழும் இடம் உடலின் உயிரணுக்களுக்குள் இருக்கிறது என்பது பின்னரே தெளிவாயிற்று. ஒவ்வோர் உயிரணுவிலும், நுண்ணோக்கியால் மட்டுமே காணத்தக்க சிறு உறுப்புகள் பல உள்ளன. சில இழை போலவும், சில மணி போலவும் தோன்றியமையால், 1898ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் கார்ல் பெண்டா என்பார் அவற்றுக்கு மைட்டோகாண்ட்ரியா என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் அதன் பொருள் இழையும் மணியும் என்பதாம். நம் பாடநூல்களில் வரும் இழைமணி என்னும் சொல் அப்பெயரின் நேரான தமிழாக்கமே.

இழைமணி செய்யும் வேலையை ஓர் உவமையால் விளக்குகிறேன். மேட்டூர் அணையை நீங்கள் அறிவீர்கள். உயரத்தில் தேக்கிய நீர் குழாய் வழியே பாய்ந்து சுழலியைச் சுழற்றுகிறது, மின்சாரம் பிறக்கிறது. இழைமணிக்குள்ளும் இத்தகைய அணை ஒன்று உண்டு. நாம் உண்ட சோறும் பருப்பும் எண்ணெயும் செரித்துச் சிறு மூலக்கூறுகளாகி அங்கே வந்து சேர்கின்றன. அவை ஆக்சிசனோடு சேர்ந்து எரியும்போது கிடைக்கும் ஆற்றலால், ஐடிரசன் அயனிகள் உட்சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு இறைக்கப்படுகின்றன. அங்கே தேங்கிய அயனிகள் மீண்டும் திரும்பிப் பாயும் வழியில், சுழலி போன்ற ஒரு நொதி நிற்கிறது. அது சுழலுந்தோறும் ஏ.டி.பி. என்னும் ஆற்றற் பொருள் உண்டாகிறது. நீங்கள் எழுதுவதும் ஓடுவதும் சிந்திப்பதும் அந்த ஏ.டி.பி.யின் செலவினால்தான். இவ்வுண்மையை 1961இல் எடுத்துரைத்த ஆங்கில அறிஞர் பீட்டர் மிட்செலைப் பலர் தொடக்கத்தில் நம்பவில்லை. 1978இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அணைக்குச் சுழலி வழி மட்டுமா உண்டு? நீர் மிகுந்தால் திறந்துவிட மதகும் உண்டு. மதகின் வழியே பாயும் நீர் மின்சாரம் தருவதில்லை. தன் ஆற்றலை நுரையாகவும் இரைச்சலாகவும் கொட்டிவிட்டுச் செல்கிறது. இழைமணியிலும் இத்தகைய மதகு உண்டு. அம்மதகு திறந்தால் ஐடிரசன் அயனிகள் சுழலியைச் சுழற்றாமலே திரும்பிப் பாய்கின்றன. ஏ.டி.பி. உண்டாவதில்லை, உணவின் ஆற்றல் முழுவதும் வெப்பமாகிறது. அம்மதகைக் கொண்ட திசுவே பழுப்புக் கொழுப்பு.

நாம் பொதுவாகக் கொழுப்பு என்று சொல்வது வெண் கொழுப்பு. அதன் உயிரணு ஒவ்வொன்றிலும் ஒரே பெருந்துளியாகக் கொழுப்பு நிறைந்திருக்கும். அது சேமக் களஞ்சியம். பழுப்புக் கொழுப்பின் உயிரணுவிலோ சிறு சிறு துளிகளும், அவற்றைச் சூழ எண்ணற்ற இழைமணிகளும் நிறைந்திருக்கும். இழைமணிகளில் இரும்புச் சத்து கொண்ட நிறப்பொருள்கள் உள்ளமையால் அத்திசு பழுப்பு நிறம் பெறுகிறது. 1551ஆம் ஆண்டிலேயே சுவிட்சர்லாந்து நாட்டுக் கொன்ராட் கெசுனர், குளிர்காலம் முழுதும் உறங்கும் மார்மோட் என்னும் விலங்கின் தோள்களுக்கிடையே இத்திசுவைக் கண்டு குறித்திருக்கிறார். அதன் வேலை வெப்பம் தருவது என்பது தெளிவாக நானூறு ஆண்டுகள் சென்றன. மதகாக நிற்கும் புரதம் 1970களில் கண்டறியப்பட்டது. அதற்குத் தெர்மோஜெனின் என்று பெயரிட்டனர். குளிர் தோலைத் தீண்டியதும் மூளை நரம்புகளின் வழியே ஆணையிடுகிறது. நரம்பு முனைகளில் நார் அட்ரினலின் சுரக்கிறது. கொழுப்புத் துளிகள் கரைந்து எரிபொருளாகின்றன, மதகு திறக்கிறது, கனல் எழுகிறது. நாம் தொடக்கத்தில் கண்ட ஆட்டுக்குட்டிக்கும் பிறக்கும்போதே இத்திசு உண்டு. முதலில் கேட்ட வினாவின் மறுபாதி விடை இதுவே.

ஆட்டுக்குட்டிக்கு உள்ளது மனிதக் குழந்தைக்கும் உண்டு. தோள்பட்டைகளுக்கிடையிலும், கழுத்திலும், சிறுநீரகங்களைச் சுற்றியும் பழுப்புக் கொழுப்பு அமைந்திருக்கிறது. இதை அறிவது நம் வீடுகளில் உயிர் காக்கும் அறிவாகும். தாயின் வயிற்றில் 37 பாகையில் இருந்த குழந்தை, பிறந்தவுடன் ஈர உடலோடு வெளிக்காற்றில் கிடத்தப்படுகிறது. ஆடையின்றிக் கிடக்கும் பச்சிளங் குழந்தை, தனி முயற்சியின்றி உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்ளச் சுற்றுப்புறம் ஏறத்தாழ 32 முதல் 34 பாகை வரை இருத்தல் வேண்டும். ஆகவே நமக்கு இதமாகத் தோன்றும் அரியலூர் வீட்டு அறை, அக்குழந்தைக்குக் குளிர்கூடமே. பெரியோரைப்போல் நடுங்கி வெப்பம் உண்டாக்கவும் அதற்கு இயலாது. பழுப்புக் கொழுப்பே அதன் முதல் துணை.

இக்கொழுப்பு கருவின் இறுதி மூன்று மாதங்களில்தான் பெரும்பாலும் சேர்கிறது. தாய் நன்கு உண்ணாவிடினும், குழந்தை மாதம் நிறையுமுன் பிறந்தாலும் அடுப்பும் சிறிது, விறகும் சிறிது. அதனாலேயே 2500 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகள் எளிதில் குளிர்ந்து தளர்கின்றன. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் ஊட்டுக. முதற் குளியலை ஒரு நாளேனும் தள்ளிவைக்க. குழந்தையைத் தாயின் மார்போடு மேனிபட அணைத்து வைக்க என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுவதன் பொருள் இதனால் விளங்கும். மார்போடு அணைத்துக் காக்கும் முறையைக் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகர மருத்துவர்கள் 1978இல் தொடங்கினர். பிறந்தவுடன் குளிப்பாட்டும் வழக்கம் உங்கள் வீட்டில் இருக்குமாயின், அப்பத்தாவிடம் இக்காரணத்தைப் பணிவுடன் எடுத்துச் சொல்லுங்கள். காரணம் விளங்கினால் முதியோர் மறுப்பதில்லை.

வளர்ந்தவர்க்குப் பழுப்புக் கொழுப்பு இல்லை என்றே நெடுங்காலம் எண்ணினர். 2009ஆம் ஆண்டில் மூன்று ஆய்வுக் குழுவினர் தனித்தனியே வெளியிட்ட கட்டுரைகள், பெரியோரின் கழுத்திலும் காறையெலும்பின் மேலும் அது விழித்து இயங்குவதைக் காட்டின. அச்செய்தி உலகெங்கும் பரவியது. “கொழுப்பைக் கொழுப்பாலேயே எரிக்கலாம்” என்ற ஆசை பிறந்தது. எந்த உணவை உண்டால் இந்த அடுப்பு மூளும் என்ற தேடலும் மூண்டது.

அத்தேடலில் கண்ட உண்மைகளையும், அவற்றின் எல்லைகளையும் சேர்த்தே அறிதல் வேண்டும். 1979இல் ராத்வெல், ஸ்டாக் என்னும் ஆங்கில ஆய்வாளர் இருவர், சுவைமிக்க பலவகைத் தின்பண்டங்களை எலிகளுக்கு வரையின்றிக் கொடுத்தனர். அவை உண்ட அளவுக்குப் பருக்கவில்லை. பழுப்புக் கொழுப்பு வளர்ந்து, மிகையுணவின் ஒரு பகுதியை வெப்பமாக்கி வெளியேற்றியது. மனிதரிடத்தும் உணவு உண்டபின் இத்திசு விழித்து இயங்குவதைப் பின்லாந்து நாட்டுத் துர்க்கு நகர ஆய்வாளர் 2018இல் காட்டினர். காரமில்லாத ஒரு வகை மிளகாயிலுள்ள பொருளை ஆறு வாரம் உட்கொண்டோர்க்குக் குளிரில் வெப்பம் உண்டாக்கும் திறன் கூடியதென 2013இல் ஜப்பானியர் கண்டனர். நம் பெரம்பலூர் மாவட்டத்தின் சிறப்புப் பயிராகிய சின்ன வெங்காயத்தில் குவர்செட்டின் என்னும் பொருள் உள்ளது. அதைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது வெண் கொழுப்பு சிறிது பழுப்பாக மாறியதென்றும் ஆய்வுகள் உள்ளன.

இவற்றைக் கேட்டதும் மிளகாயையும் வெங்காயத்தையும் அள்ளி உண்ணப் புறப்பட வேண்டா. எலியின் உடல் சிறிது. அதற்குப் பழுப்புக் கொழுப்பு மிகுதி. குளிரைத் தாங்க அதுவே பெருந்துணை. மனிதனுக்கோ அது உடல் எடையில் மிகச் சிறு பங்கு. மேலும், குளிரே அதை எழுப்பும் முதற் காரணம்; நம் ஊர் வெயிலில் அது பெரும்பாலும் உறங்கியே கிடக்கும். 2014இல் நெதர்லாந்து நாட்டு லைடன் நகரில், தென்னாசிய மரபினரான இளைஞர் 12 பேரையும் ஐரோப்பிய இளைஞர் 12 பேரையும் ஒப்பிட்டனர். நம் மரபினர்க்குப் பழுப்புக் கொழுப்பின் கொள்ளளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. சிலரைக் கொண்டு செய்த ஆய்வாதலின் இதையே முடிந்த தீர்ப்பாகக் கொள்ளலாகாது. எனினும், ஒரு திசுவை நம்பி வரையின்றி உண்ணலாம் என்ற எண்ணம் நமக்கு எவ்வளவு பொருந்தாதது என்பதை அது உணர்த்துகிறது.

மதகை மருந்தால் திறக்க முயன்ற கதை ஒன்றுண்டு. முதல் உலகப் போரின்போது, பிரான்சு நாட்டு வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைட்ரோபீனால் என்னும் பொருளைக் கையாண்டோர் காய்ச்சலும் வியர்வையுமாக மெலிந்தனர், சிலர் மாண்டனர். அப்பொருள் உடலின் எல்லா இழைமணிகளின் அணையிலும் ஓட்டையிடுகிறது. 1933 முதல் அமெரிக்காவில் அதையே உடல் இளைக்கும் மருந்தாக விற்றனர். உண்டவர் இளைத்தது உண்மை. பலர்க்குக் கண்புரை வந்ததும், சிலர் உடலுக்குள்ளேயே வெந்து இறந்ததும் உண்மை. 1938இல் அந்நாட்டு அரசு அதைத் தடுத்தது. இன்றும் மறைவில் அதை விற்போரும், வாங்கி உண்டு இறப்போரும் உளர். பழுப்புக் கொழுப்பின் மதகுக்குக் காவலன் உண்டு. தேவை தீர்ந்ததும் அவன் அதை மூடுகிறான். நஞ்சு இடும் ஓட்டைக்குக் காவலன் இல்லை.

நான் தலைமையாசிரியனாயிருந்த காலத்தில், பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழுந்தாள். முகத்தில் நீர் தெளித்து, சர்க்கரை கலந்த பால் கொடுத்தபின் விசாரித்தேன். உடல் இளைக்க வேண்டிப் பல நாளாகக் காலையுணவை விட்டிருந்தாள். யாரோ விற்ற மாவு ஒன்றை நீரில் கரைத்துக் குடித்து வந்தாள். அப்பொட்டலத்தின்மேல் ‘கொழுப்பை எரிக்கும்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. உள்ளே என்ன இருந்தது என்பது எங்கும் இல்லை. அவளை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவளுக்கு இருந்தது மிகைக் கொழுப்பு அன்று, இரத்தசோகை! உயிரியல் பாடம் நடத்திய பள்ளியில், அப்பாடம் அவள் தட்டுவரை சென்று சேரவில்லையே என்று அன்று வெட்கினேன். இவ்வுரைக்கு அந்நாளே வித்து.

ஆகவே, அடுப்பை மூட்டும் மாயப் பொருளைத் தேடுவதைவிட, உள்ள அடுப்பு பழுதின்றி எரிய என்ன வேண்டும் என்று கேட்பதே அறிவுடைமை. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக் காளவாயைப் பார்த்தவர்கள் இதை அறிவர். கரியை எவ்வளவு கொட்டினாலும், காற்று வாயில் அடைபட்டால் நெருப்புப் புகைந்து அணையும். மாவுப்பொருளும் கொழுப்பும் கரி போன்றவை. அவை எரியும் வாயிலைத் திறந்து வைப்பவை உயிர்ச்சத்துகளும் தாதுக்களும்.

இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்திய வரலாற்றில் நம் நீலகிரிக்கும் பங்குண்டு. 1918இல் குன்னூர்ப் பாசுடர் நிலையத்தின் ஓர் அறையில், இராபர்ட்டு மக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அச்சிறு முயற்சியே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. கால் மரத்து, இதயம் தளர்ந்து உயிரைக் கவரும் பெரிபெரி, அந்நாளைய சென்னை மாகாணத்தின் வட கடலோரத்தில், பச்சரிசியை ஆலையில் நன்கு தீட்டி உண்டோரிடத்தே மிகுந்திருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது வேரூன்றவில்லை. காரணம் யாது? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்து, அதாவது தயமின், அரிசியின் உட்பகுதிக்குள் ஊடுருவித் தங்குகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் நீங்குவதில்லை. வேதியியல் அறியாத நம் பாட்டிமார் நெல் அவித்த பானை, ஓர் ஆய்வுக்கூடத்தின் வேலையைச் செய்தது.

தயமின் இழைமணியில் என்ன செய்கிறது? குளுக்கோசு பாதி உடைந்து பைருவேட்டாகி இழைமணிக்குள் புகுந்ததும், அதை அடுத்த நிலைக்கு மாற்றும் நொதிக்குத் தயமின் இன்றியமையாதது. 1930களில் ஆக்சுபோர்டு அறிஞர் ருடால்பு பீட்டர்சு, தயமின் இல்லாத உணவுண்ட புறாக்களின் மூளையில் பைருவேட்டு எரியாமல் தேங்குவதைக் கண்டார். வயிறு நிறைந்திருந்தும் மூளை பட்டினி கிடந்தது! உணவுக்கும் இழைமணிக்கும் உள்ள உறவை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

இரும்பும் அவ்வாறே. இரத்தத்தில் ஆக்சிசனைச் சுமப்பதோடு அதன் பணி முடிவதில்லை. இழைமணிக்குள் எலெக்டிரான்களைக் கைமாற்றும் புரதங்களிலும் இரும்பு உண்டு. இரும்பு குறைந்தால் உழைப்புத் தளர்கிறது. குளிரில் உடல் வெப்பத்தைக் காக்கும் திறனும் குன்றுகிறது. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர் என்று காட்டுகிறது. பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச் சத்து மாத்திரையை வாங்கி எறிந்துவிடும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் எறிவது தம் அடுப்பின் ஓர் உறுப்பையே.

மறுபுறத்தையும் நோக்க வேண்டும். விறகு குறைந்தாலும் தீங்கு. அளவின்றித் திணித்தாலும் தீங்கு. மூன்று வேளையும் தீட்டிய அரிசிச் சோறே உண்டு, இடையே இனிப்புப் பானமும் எண்ணெய்ப் பண்டமும் தின்று, உடலையும் அசைக்காதிருந்தால் எரியாத எஞ்சிய பொருள் கல்லீரலிலும் தசையிலும் கொழுப்பாகப் படிகிறது. இன்சுலின் சொல்லுக்குத் தசை செவிசாய்ப்பதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில், சென்னை ஆய்வாளர் தலைமையில் நாடெங்கும் நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு நோயுடையர் என மதிப்பிட்டது. அவர்களுள் மெலிந்த தோற்றமுடையோரும் உளர் என்பதை மறவாதீர்.

இதற்கு எளிய மருந்து உழைப்பு. 1967இல் அமெரிக்க அறிஞர் ஜான் ஹாலோசி, எலிகளை நாள்தோறும் ஓடப் பழக்கியபோது, தசைகளின் இழைமணி நொதிகள் ஏறத்தாழ இரு மடங்காயின. பழுப்புக் கொழுப்பை எழுப்பக் குளிர் வேண்டும்; தசையின் இழைமணிகளைப் பெருக்க இரண்டு கால்கள் போதும். பள்ளிக்கு மிதிவண்டியில் செல்லும் பிள்ளை தன் அடுப்புகளைத் தானே கூட்டிக்கொள்கிறான்.

இனி நம் ஊர்த் தட்டைப் பாருங்கள். வரகும் கம்பும் சோளமும் இம்மண்ணில் மழையை நம்பியே விளைந்து வந்த தானியங்கள். தீட்டாமல் உண்ணும் சிறுதானியத்தில் நாரும் பி வகை உயிர்ச்சத்தும் உண்டு. உளுந்தும் துவரையும் நிலக்கடலையும் புரதம் தருவன. புரதத்தைச் செரிக்க உடல் செலவிடும் ஆற்றலும் மற்ற உணவைவிட மிகுதி. முருங்கைக் கீரையில் இரும்பு உண்டு. அதனோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் அவ்விரும்பு நன்கு உடலிற் சேரும். உணவோடு தேநீர் அருந்தினால் சேராது. முட்டையும் மீனும் உண்போர்க்கு அவையும் நல்லனவே. சின்ன வெங்காயத்தையும் மறக்க வேண்டா. பழைய சோற்றுக்கு அது நல்ல துணை. அதை மருந்தென்று மயங்காமல் உணவென்று உண்ணுங்கள்.

காலையுணவை விடாதீர். தமிழ்நாட்டு அரசு தொடக்கப் பள்ளிகளில் 2022 முதல் காலையுணவு வழங்கும் திட்டம் நடைபெறுகிறது. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை நாற்பதாண்டு கண்ணால் கண்டவன் நான். அதன் காரணத்தைப் பீட்டர்சின் புறாக்கள் எனக்குச் சொல்லின. வள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தில் மருந்தின் பெயர்களை அடுக்கவில்லை. முன் உண்டது செரித்ததை அறிந்து, அளவறிந்து, மாறுபாடில்லாத உணவை உண்ணும் நெறியையே பெரிதும் பேசுகிறார்.

அன்று மயங்கி விழுந்த மாணவி, சில மாதங்கள் மாத்திரையும் கீரையும் காலையுணவும் தவறாது உண்டு தேறினாள். ஆண்டு விழாவில் ஓட்டப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தாள். பரிசு வாங்க மேடையேறியவளின் கையைக் குலுக்கினேன். முன்பு சில்லிட்டுக் கிடந்த அந்தக் கை அன்று வெதுவெதுப்பாக இருந்தது.